சம்பத் சார் கத்தின இடம்

சம்பத் சாருக்குக் கடவுள் வீடு கொடுத்தார், கார் கொடுத்தார், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த மாதிரி அரை ஏக்கர் மணலும் கொடுத்தார். மேல்மாடியை மட்டும் காலியாக விட்டுவிட்டார். அந்த வீட்டில் சமைக்கவும் பெருக்கவும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே பிரிசில்லா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து வருஷமாகியும் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பாருங்களேன், காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றார். தனியாளாக லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிற மனுஷன், கேட்டது நியாயம்தான். பக்கத்து மீனவர் குப்பத்துத் தெருவில் திரிகிற ஒன்றைக் கூப்பிட்டு நாலு நாள் சோறு போட்டால் உயிரைக் கொடுத்துக் காவல் காக்கும். இவர் போய் வாங்கி வந்தது பீகிள். முழங்கால் உயரம், தொங்கின காது, எதையாவது மோந்துகொண்டே இருக்கிற மூக்கு. திருடன் வந்தால் வாலாட்டி உள்ளே கூட்டிப்போய் பீரோ எந்த ரூமில் என்று காட்டிக்கொடுக்கிற ரகம். பேர் வேறு டோஃபி. காவலுக்கு வந்த நாய்க்கு மிட்டாய்ப் பேர் வைத்த ஆளை என்னவென்று சொல்வது!

ஆனால் நாயைப் பிரிசில்லாவுக்குப் பிடித்துப்போனது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, குப்பத்தில் இறங்கிக் கடலோரமாகவே நடந்து வருவாள். வீட்டின் இரண்டு பக்கமும் ரோட்டுப் பக்கமும் மதில் உண்டு. கடல் பக்கம் மட்டும் திறந்த வெளி, இரண்டு மூலையில் இரண்டு எல்லைக்கல், அவ்வளவுதான். அவள் தலை தெரிந்ததுமே டோஃபி தாழ்வாரத்திலிருந்து பாய்ந்து, மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்து இழுக்கும். கட்டின புருஷன் கூட அவள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றது கிடையாது. "போடா பேமானி, புடவைய வுடுடா" என்று திட்டிக்கொண்டே அவள் கொண்டுவந்த பொறை ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாள். அந்தத் திட்டு இல்லாமல் அவளுக்கும் பொழுது விடியாது, அதற்கும் விடியாது.

வம்பு நெத்திலியில் ஆரம்பித்தது. எல்லைக்கல்லுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் குப்பத்துக்குப் பொதுவானது. பெண்கள் அங்கேதான் கருவாடு காயப்போடுவார்கள். ஒருநாள் ஷீலா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கருவாடு விற்கிறவள், வாய்த்துடுக்குக்காரி.

"யக்கா, உங்க வூட்டு நாயி என் நெத்திலி மேல படுத்துப் பொரண்டுகினு கீது. துன்னாலும் தொலையுதுனு வுட்டுடுவேன். பொரண்டா எவன் வாங்குவான், சொல்லு?"

பிரிசில்லா சிரித்துவிட்டாள். ஷீலா சிரிக்கவில்லை.

"சிரிக்காதக்கா. கரைவலை இழுக்கற அன்னிக்கு வேணாத மீனெல்லாம் மணல்லயே கொட்டிட்டுப் போவாங்க. அதுல பேத்தை கெடக்கும். வயிறு ஊதினு, பந்து மாரி. அத்தனையும் வெசம். எங்க நாய்ங்க மோந்துகூடப் பாக்காது. இது பங்களா நாயி, இதுக்கு இன்னா தெரியும்? ஒரு கடி போதும், டாக்டராண்ட தூக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடும். போன வருசம் ரிசார்ட்டு நாயி ஒண்ணு அப்டித்தான் போச்சி. ஒயுங்கா ஒரு வேலி போடச் சொல்லு."

பிரிசில்லா அன்றைக்கே சாரிடம் சொன்னாள். சார் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் "பார்க்கலாம்" என்றார். அவள் விடவில்லை. மூன்று நாள் நச்சரித்த பிறகு, சரி, யாரையாவது வரச்சொல் என்றார்.

யாரையாவது என்றால் யாரை? அவள் புருஷன் கிருபாகரனே வேலி போடுகிறவன். அவன் அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டார்கள். இவன் மதுராந்தகம் வரைக்கும் போய் அடுத்தவன் நிலத்தைச் சுற்றிக் கல்தூண் நடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து டேப்பை இழுத்து அளந்தான்.

"அஞ்சடி உயரம் செயின்லிங்க் கம்பிவலை போடலாம் சார். இந்த நாயி நோண்டும். அத்தொட்டு அடியில ஒரு அடிக்குக் காங்கிரீட்டு எறக்கிட்டா பேஜாரே இல்ல."

சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கடலைப் பார்க்கறதுக்காக இங்க வந்திருக்கேன். ஜெயில் கம்பி வழியா பார்க்கறதுக்கா? வியூ என்ன ஆகறது?"

"கம்பி வயியா கடல் நல்லாத் தெரியும் சார்."

"உங்களுக்குப் புரியாது" என்றார் சார். கிருபாகரனும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். கடல் தெரியுமா தெரியாதா என்பதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கொண்டே போனானாம்.

பத்து நாளில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அதற்குள் ஒரு சுருள் மெல்லிய கம்பி, சுவரில் மாட்டுகிற ஒரு டப்பா, நாய்க்கழுத்துக்கு ஒரு காலர், நாற்பது சிவப்புக் கொடி. காலரின் உள்பக்கம் இரண்டு இரும்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. சார் குழந்தை மாதிரி குஷியாகிவிட்டார். கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். நாய் அதன் பக்கத்தில் வந்தால் காலர் முதலில் பீப் அடிக்கும். அதையும் தாண்டிப் போனால் கழுத்தில் லேசாக ஒன்று வைக்கும். வேலியும் இருக்கும், வியூவும் இருக்கும். உலகமெல்லாம் இப்போது இதுதானாம்.

"நாய்க்கு ஷாக் வெக்கிறதா சார்?" என்றாள் பிரிசில்லா.

"ஷாக் இல்லை. கரெக்‌ஷன். ஒரு சின்ன குறுகுறுப்பு."

"நீங்க வெச்சிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் டாக்டர்ஸ் டெஸ்ட் பண்ணினதுதான்."

"சார், அது சின்ன ஜீவன் சார். கம்பி வேலினா முட்டிகினு திரும்பிடும். இத்த எப்பிடி சார் புரிஞ்சிக்கும்?"

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். "புருஷனுக்கு ஆர்டர் போச்சேன்னு கவலையா பிரிசில்லா?"

அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆள் காபி வேறு கேட்டார். போட்டுக் கொடுத்தாள்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. கம்பி புதைக்க வந்த ஆட்களை எல்லைக்கல்லோடு நிற்க விடாமல், கடல் பக்கம் முப்பதடி தள்ளிப் புதைக்கச் சொன்னார். டோஃபிக்கு ஓட இடம் வேண்டுமாம். "அது குப்பத்து மணல் சார்" என்றாள் பிரிசில்லா. "மேலே ஒண்ணும் கட்டலையே. மண்ணுக்கு அடியில ஒரு நூல் மாதிரி கம்பி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். கம்பி ஓடுகிற வரிசையில் நாற்பது கொடியையும் நட்டார். நாய்க்குக் கோடு பழகுகிற வரைக்கும் கொடி நிற்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

ஐயா புத்தகத்தைப் படித்தார், ஊரைப் படிக்கவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவனுக்கு மணலில் வரிசையாகக் கொடி நின்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலில் கொடி வரும். அப்புறம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரும். அதற்கப்புறம் ஆர்ச்சு, ஆர்ச்சுக்கு மேல் ஏதோ ஒரு நகர். கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்து ஏரியோரமும் வயலோரமும் அப்படித்தான் போயிற்று. மறுநாள் காலை நாஸ்தா நேரத்துக்கு அந்தக் கொடிகளுக்கு முன்னால் குப்பமே நின்றது.

முன்னால் நின்றவர் ஜம்புலிங்கம். குப்பத்துப் பஞ்சாயத்தார், அறுபது வயசு, சட்டை போடுகிற பழக்கம் இல்லாதவர்.

"இன்னா சாரு, பிளாட்டு போடறியா?"

சார் கையில் ரொட்டியோடு ஓடிவந்தார். "பிளாட் இல்லைங்க. இது நாய்க்கு."

"நாய்க்கா?" ஜம்புலிங்கம் கொடியைப் பார்த்தார், எல்லைக்கல்லைப் பார்த்தார், அப்புறம் டோஃபியைப் பார்த்தார். டோஃபி அவர் காலை மோந்துகொண்டிருந்தது. "நாயி பேருக்குப் பட்டா வாங்கிட்டியா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சார் முகம் சிவந்து, இது ஒரு டிரெயினிங் சிஸ்டம், டெம்பரரிதான், என்று இங்கிலீஷும் தமிழுமாகக் குழப்பினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் ஷீலா நாற்பது கொடியையும் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கருவாட்டுக்குக் காக்கா விரட்ட ஆகும் என்றாள். அப்படியே ஆயிற்று கூட.

"கொடி போச்சி. மண்ணுல எதுனா பொதைச்சிக்கீறியா?" என்றார் ஜம்புலிங்கம்.

"ஒரு சின்ன வயர். எடுத்துடறேன்."

"எங்க மண்ணுல ஒரு ஆணிகூட இருக்கக்கூடாது, ஆமா."

"இன்னைக்கே எடுத்துடறேன்" என்றார் சார்.

எடுத்தாரா? எங்கே எடுத்தார்! கூட்டம் கலைந்ததும் டப்பாவை ஸ்விட்ச் போட்டு, டோஃபி கழுத்தில் காலரை மாட்டினார். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பிரிசில்லாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள். இந்த வேலையை விட்டால் பக்கத்தில் வேறு வேலை இல்லை. ஆனாலும் அன்றைக்குக் குப்பத்தைத் தாண்டி நடக்கும்போது யார் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை.

கொடியும் போய்விட்டது, கோடும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் மணல். அந்த வெறும் மணலில் ஏதோ ஒரு இடத்தில் கடிக்கிற ஒன்று இருக்கிறது. அது எங்கே என்று அந்த நாய்க்கு யார் சொல்லுவார்கள்?

அடுத்த நாள் காலை பிரிசில்லா கடலோரமாக வந்தாள். டோஃபி எப்போதும்போல் பாய்ந்து வந்தது. அவளும் எப்போதும்போல் பொறையை எடுத்துக்கொண்டு "வாடா, வாடா பேமானி" என்றாள். நாலு எட்டு தூரத்தில் பீப் கேட்டது. அது எங்கே காதில் வாங்கியது? அவள்தானே எதிரில் நிற்கிறாள். அடுத்த நொடி அந்த நாய் கத்தின கத்தலில் அவள் கையிலிருந்த பொறை கீழே விழுந்தது. டோஃபி சுருண்டு விழுந்து, எழுந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது.

இரண்டாம் நாளும் வந்தது. அதே இடம், அதே கத்தல். மூன்றாம் நாள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. நான்காம் நாள் அவள் தலை தெரிந்ததும் எழுந்து போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டது.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். அவள் ஹாலுக்கு வந்தால் அது ரூமுக்குப் போகும். தட்டில் சோறு வைத்தால் அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் வாய் வைக்காது. ஒருதரம் மெதுவாகத் தடவப் போனாள். நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. பிரிசில்லா அதைத் துடைத்துவிட்டு, மாவரைக்கிற மிஷினைப் போட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். சார் காதில் விழுந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

"பார்த்தியா? இப்ப பீச் பக்கமே போறதில்லை. சிஸ்டம் ஒர்க் ஆகுது" என்றார் சார்.

"சார், அவன் கோட்டப் பாத்து பயப்படல. என்னப் பாத்து பயப்படறான். நான் வர்றப்பலாம் வலிச்சிச்சா, நான்தான் கடிக்கிறேன்னு நெனச்சிக்கினு கீறான்."

"வேலிக்காரர் வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் சார். சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். அப்போது தட்டிலிருந்த சாம்பாரை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது பிரிசில்லாவின் பொறுமை. அந்தப் பொறுமைக்கு அவளுக்கு ஒரு மாலை போட வேண்டும்.

சனிக்கிழமை கரைவலை இழுத்தார்கள். காலை பத்து மணி இருக்கும். வலையின் இரண்டு வடத்தையும் இரண்டு பக்கம் பிடித்து, பாட்டுச் சத்தத்தோடு மீன் நிறைந்த வலைமடியைக் கரையேற்றினார்கள். காரப்பொடியும் வாளையும் மணலில் துள்ளின. நல்ல மீன் கூடைக்குப் போனது. வேண்டாததை ஒரு பக்கமாக மணலில் தள்ளினார்கள். காற்று கடலிலிருந்து வீட்டுப் பக்கம் அடித்தது.

பீகிள் நாய்க்குப் பயம் பெரிதா, மூக்கு பெரிதா? சார் அந்த நேரம் தாழ்வாரத்தில் நின்று, சிநேகிதர்களுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "என் பின்னால பாருங்க, நோ ஃபென்ஸ், நோ வால், டோஃபி எவ்வளவு ஃப்ரீயா இருக்கான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டோஃபி எழுந்து ஓட்டம் எடுத்தது. கோட்டுக்கிட்டே ஒரு கத்தல். நிற்கவில்லை. கத்திக்கொண்டே தாண்டிவிட்டது. தாண்டினால் அப்புறம் என்ன? அந்தப் பக்கம் ஒன்றும் கடிக்காது.

அந்தக் கத்தல் கேட்டுத்தான் பிரிசில்லா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். பார்த்ததும் கரண்டியை வீசிவிட்டு ஓடினாள். வாழ்க்கையில் அவள் அப்படி ஓடினதில்லை. டோஃபி கழிவு மீன் குவியலுக்குள் தலையை விட்டிருந்தது. தலையைத் தூக்கினபோது வாயில் உருண்டையாக, வெள்ளை வயிறு ஊதிப்போய், ஒரு பேத்தை.

"டோஃபி! போடு! கீழ போடுடா!"

டோஃபி அவளைப் பார்த்தது. வால் வயிற்றுக்குள் போயிற்று. மீனை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அவள் ஒரு எட்டு வைத்தால் அது நாலு எட்டு ஓடியது. இன்னும் துரத்தினால் பல் இறங்கிவிடும். பிரிசில்லாவுக்கு அங்கேயே உயிர் போய் வந்தது. காப்பாற்ற வந்தவளைப் பார்த்துத்தான் அது சாகப்போகிறது! அவள் அப்படியே நின்றாள். நின்று, நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணாத்த! நாயி வாயில பேத்தை கீது! புடிங்க!"

அலைவாயில் குப்பத்துத் தனக்கோடி வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு மடவை மீனுக்காகக் காத்து நின்றான். அவன் திரும்பினான், இடுப்பை ஒரு சுழற்று சுழற்றினான். வலை ஆகாசத்தில் வட்டமாக விரிந்து, டோஃபி மேல் பொத்தென்று விழுந்தது. நாய் உருண்டது, ஈயக்குண்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. ஷீலா பாய்ந்து போய் வலைக்கு மேலேயே தாடையைப் பிடித்து, விரலை விட்டு மீனை நெம்பிப் போட்டாள். தோலில் பல் பதிந்திருந்தது. கிழியவில்லை.

"கியியல யக்கா, கியியல. நீ அயாத" என்றாள் ஷீலா. யாரோ குடிதண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நாய் வாயைக் கழுவினார்கள். பிரிசில்லா பத்தடி தள்ளியே நின்றாள். கிட்டே போனால் பயப்படும்.

அப்புறம்தான் சம்பத் சார் போனும் கையுமாக வந்து சேர்ந்தார். வந்ததும் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "காலர் நனைஞ்சிருச்சா?"

ஷீலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். தனக்கோடி வலையை விலக்கிவிட்டுக் காலரைக் கழற்றினான். கழுத்தில் முடி கொட்டி இரண்டு சிவப்புப் புண். "இன்னா சாரே, சூடு வெச்சா மாரி கீது" என்று அதை அவர் கையில் கொடுத்தான். சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"நாயை இட்னு போ சாரு" என்றார் ஜம்புலிங்கம்.

சார் வீட்டுப் பக்கமாகப் பத்தடி போய் நின்று "கம் டோஃபி, கம்" என்றார். டோஃபி வாலைக்கூட அசைக்கவில்லை. தாண்டி வர அதற்கு மீன் வாசனை இருந்தது. திரும்பிப் போக அந்த வீட்டில் என்ன இருக்கிறது? காலர் இல்லாத கழுத்தோடு நாலு காலையும் மணலில் ஊன்றி நின்றது.

"பாத்தீங்களா சார்" என்றாள் பிரிசில்லா. "வேலி நாய உள்ள வெக்கல. வெளிய வெச்சிடிச்சி."

குப்பமே கேட்டுக்கொண்டிருந்தது. சாருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்லை. லெவலைக் கம்மியா வெச்சது என் தப்பு." காலரைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "இதோ பாருங்க, லைட் எரியுது. இந்த பட்டன்தான். ஃபுல்ல வெச்சுட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் தாண்டமாட்டான்." சொல்லிக்கொண்டே, ஈரக் காலரை ஈரக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்பக்கம் திருப்பிக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

பீப் அடித்தது. எல்லாருக்கும் கேட்டது, பேசுகிறவருக்கு மட்டும் கேட்கவில்லை.

அடேங்கப்பா! அவர் கத்தினதை அலைச்சத்தத்துக்கு மேல் அந்த முனையில் நின்ற போட்டுக்காரர்கள் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கை உதறி, காலர் ஒரு பக்கம் பறந்து, போன் ஒரு பக்கம் பறந்து, சார் "அய்யோ அம்மா" என்று தமிழிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்ன குறுகுறுப்பு!

கரையே சிரித்தது. வடம் பிடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சார் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் நின்ற எல்லைக்கல்லைப் பார்த்தார். கல்லிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்து வந்து, சாருக்குப் பக்கத்தில் நின்றார்.

"முப்பதடி" என்றார். "எடுத்துடறேன்னியே சாரு?"

சார் கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"எங்க, இன்னொரு தபா அங்க நின்னு கத்து. கோடு எதுவரிக்கும் போவுதுனு பாத்துக்கறோம்."

தோண்டத் துடுப்பே போதுமாயிருந்தது. ஒரு சாண் ஆழத்தில் கம்பி. பிடித்து இழுத்தார்கள், மணலைக் கீறிக்கொண்டு முழு நீளமும் வெளியே வந்தது. கொடி நட்டபோது நாய்க்கு என்று சொன்னவர், கொடி போனதும் கம்பியை யாருக்காக விட்டுவைத்தார் என்று ஒருத்தி கேட்டாள். சார் மணலில் விழுந்த போனைத் தேடக் கிளம்பிவிட்டார்.

ஜம்புலிங்கம் பிரிசில்லா பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "தெரியும் அண்ணாத்த. வேல போயிடும்னு வாய மூடிக்கினு இருந்தேன். தப்புதான். அதுக்குத்தான் இந்த வாயில்லாத ஜீவன் என்னக் கண்டாலே ஓடுது" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

ஜம்புலிங்கம் "வயிறு எல்லாருக்கும் கீது" என்றார். அப்புறம் சாரைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் உன் கல்லோடு நிற்கிற மாதிரி ஒரு வேலி போடு, இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீசில் மனு என்றார். டோஃபியைத் தனக்கோடி தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் என்றால் எவன் வருவான்? சாரே கிருபாகரனுக்குப் போன் போட்டார். "அந்த செயின்லிங்க்..." என்று இழுத்தார். "கடல் தெரியுமா தெரியாதானு உங்களுக்குப் புரிஞ்சிட்டா செரி சார்" என்றான் கிருபாகரன். கல்லோடு கல்லாக, நூல் பிடித்து, அஞ்சடி உயரத்துக்கு வேலி நின்றது. அடியில் ஒரு அடி காங்கிரீட். கடல் பழையபடியே தெரிந்தது. பார்க்க வந்த சிநேகிதர்களிடம் சார் என்ன சொன்னார் என்கிறீர்கள்? "ஐ ஆல்வேஸ் பிலீவ் இன் பிசிக்கல் ஃபென்ஸ்" என்றார். பிரிசில்லா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டோஃபி முதல் இரண்டு நாள் வேலியை முனையிலிருந்து முனை வரை மோந்து பார்த்தது. ஒரு இடத்தில் நோண்டிப் பார்த்தது, காங்கிரீட் தட்டியதும் விட்டுவிட்டது. கம்பியில் மூக்கை வைத்து எடுத்தது. ஒன்றும் கடிக்கவில்லை. ஆனால் காலையில் கடலோரமாக பிரிசில்லா தலை தெரிந்தால் அது காருக்கு அடியில்தான். அவளும் கூப்பிடவில்லை. தினமும் வேலிக்கு வெளியே ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு ரோட்டு கேட் வழியாக உள்ளே போனாள். பொறையை வேலி ஓரத்தில் போட்டுவிட்டுப் போவாள். மறுநாள் அது இருக்காது. காக்கா தின்றதா, நாய் தின்றதா, தெரியாது. இப்படியே ஒரு மாசம் ஓடியது.

ஒருநாள் சார் காபியை ஆற்றிக்கொண்டே வேலியைப் பார்த்தார்.

"பிரிசில்லா, ஒண்ணு கவனிச்சியா? டோஃபி பீச் பக்கம் போறதே இல்லை. அப்புறம் இந்த வேலி எதுக்கு? எடுத்துடலாம். வியூ மறைக்குது."

கடவுளே! இந்த ஆளைப் பெற்றவள் எந்த நேரத்தில் பெற்றாளோ! அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தக் காலர் இன்னும் ஷெல்ஃபில்தான் கிடக்கிறது, உன் கழுத்தில் கட்டிக்கொண்டு பீச்சுக்குப் போ, அப்புறம் பேசலாம் என்று. விழுங்கிக்கொண்டாள். "அவன ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். காருக்கு அடியில் பார்த்தாள், நாய் இல்லை. தாழ்வாரத்தில் இல்லை. அப்புறம் கீழே பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், தூண் ஓரத்தில், அவள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் டோஃபி உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே வந்து உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது. அவளைப் பார்த்தது, கம்பியைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. மெதுவாக எழுந்து முன்காலைக் கம்பிமேல் வைத்து, மூக்கை ஓட்டை வழியாக நீட்டியது.

பிரிசில்லா இரண்டு விரலை உள்ளே விட்டாள். டோஃபி மோந்தது. அப்புறம் நக்கியது. நக்கிவிட்டு, வேலியே ஆடுகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு ஊளையிட்டது.

"ஏண்டா பேமானி, இத்தினி நாளாச்சாடா ஒனக்கு?" என்றாள். கண்ணீரைத் துடைக்க ஒரு கையைக்கூட அவளால் எடுக்க முடியவில்லை, இரண்டு கை விரல்களும் வேலிக் கம்பிக்குள் இருந்தன.

தாழ்வாரத்தில் சம்பத் சார் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தூக்கிக் கத்தினாள்.

"சார்! கேட்டுட்டேன் சார்! வேலி வேணுமாம்!"